தாத்தா வண்டி... பேரன் இன்ஜின்... நடுவில் ஏ.சி.!



கோடை விடுமுறையில், வெயிலில் நிறுத்தி வைத்த வேனுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்களா? சீட் சுடும். ஜன்னல் கம்பி சுடும். உள்ளே மூச்சு முட்டும். டிரைவர் அண்ணன் முன்னால் உள்ள ஒரு பொத்தானைத் தட்டுவார். சற்று நேரத்தில் ஜிலுஜிலுவென்று காற்று வரும். ‘அப்பாடா!’ என்று சாய்ந்துகொள்வோம். அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா?

இன்று உங்களுக்கு ஒரு வேலை தரப்போகிறேன். பயப்படாதீர்கள், வீட்டுப்பாடம் இல்லை! இன்று நீங்கள்தான் மெக்கானிக். உங்கள் பட்டறை அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கிறது. கோடையில் நம்ம வேலூர் போலவே அங்கும் வெயில் கொளுத்தும். பட்டறை வாசலில் ஒரு பழைய பிக்-அப் டிரக் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அதன் பெயர் செவர்லே 3100. மாடல் 1950. உருண்ட முகம், புடைத்த மட்கார்டு, பின்னால் சாமான் ஏற்றத் தொட்டி. அந்தக் காலத்தில் அமெரிக்க விவசாயிகள் தானிய மூட்டையும் வைக்கோலும் ஏற்றிப் போன வண்டி.

வண்டிக்காரர் சொல்கிறார்: “இது என் தாத்தா வண்டி. பழைய இன்ஜின் தேய்ந்துவிட்டது, புது இன்ஜின் போட்டுவிட்டேன். என் அம்மாவுக்கு 80 வயது. சிறுமியாக இருந்தபோது இந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனார். ஒரு தடவை இதிலேயே அவரைப் பிறந்த ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். ஆனால், இந்த வெயிலில் அவரால் தாங்க முடியாது. ஏ.சி. வைத்துத் தர முடியுமா? ஒரே ஒரு நிபந்தனை. வெளியே பார்த்தால் வண்டி பழைய மாதிரியே இருக்க வேண்டும்!”

என்ன, ஒப்புக்கொள்வோமா? முதலில் ஏ.சி. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு ஸ்பேனரைத் தொடுவோம்.

குளிரை யாரும் தயாரிப்பதில்லை!

ஊசி போடும் முன் நர்ஸ் அக்கா கையில் ஸ்பிரிட் தடவுவார். ‘சில்’லென்று இருக்கும், இல்லையா? ஸ்பிரிட் ஆவியாகிறது. ஆவியாக அதற்கு வெப்பம் தேவை. அதை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெப்பம் போன இடம் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். ஆக, குளிர் என்று தனியாக எதையும் யாரும் செய்வதில்லை. ஓர் இடத்து வெப்பத்தை எடுத்து வேறு இடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. சைக்கிளுக்குக் காற்று அடித்த பிறகு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். அமுக்கியதை விரிய விட்டால் குளிரும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் ஏ.சி. ரெடி! அதில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்.

முதல் ஆள் கம்ப்ரஸர். இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்து சுழலும். கேஸை அமுக்கிச் சூடாக்கி அனுப்பும்.

இரண்டாவது ஆள் கண்டென்சர். வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். சூடான கேஸ் இதன் குழாய்களில் ஓடும்போது வெளிக்காற்று பட்டு, வெப்பத்தை இழந்து திரவமாகும்.

மூன்றாவது ஆள் டிரையர். திரவத்தில் கலந்துள்ள ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் சின்ன டப்பா.

நான்காவது ஆள் எக்ஸ்பான்ஷன் வால்வு. ஊசித்துளை போன்ற குறுகிய வழி. இதைத் தாண்டியதும் திரவத்தின் அழுத்தம் சட்டென்று குறையும்.

ஐந்தாவது ஆள் எவாப்பரேட்டர். மெக்கானிக் அண்ணன்கள் ‘கூலிங் காயில்’ என்பார்கள். டிரைவருக்கு முன்னால், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். அழுத்தம் குறைந்த திரவம் இங்கே ஆவியாகி, கேபினில் உள்ள வெப்பத்தை உறிஞ்சும். ஆவியான கேஸ் மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்பும்.

இந்தச் சுற்றில் ஓடும் ஆர்-134ஏ என்ற பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். இதற்கோ ஐஸ்கட்டியே அடுப்பு மாதிரி! அதனால்தான் அது கேபினிலுள்ள வெப்பத்தை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறது.

சரி, இனி பானெட்டைத் திறப்போம்.

முதல் சிக்கல்: இடம் எங்கே?

இந்த வண்டியில் பிறக்கும்போது இருந்தது ஆறு சிலிண்டர் இன்ஜின். 3.5 லிட்டர். சக்தி சுமார் 90 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர்களும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பது போல ஒரே வரிசையில் நிற்கும். அதனால் இன்ஜின் நீளம் அதிகம், அகலம் குறைவு. இரண்டு பக்கமும் கை விட்டு வேலை செய்யத் தாராளமாக இடம் இருந்தது.

இப்போது உட்கார்ந்திருப்பதோ எல்.எஸ். 1 என்ற வி-8 இன்ஜின். 1997-இல் கார்வெட் என்ற பந்தயக் கார் போன்ற வண்டிக்காக வந்தது. 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். பழையதைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு! எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்காக, ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் சாய்ந்து நிற்கும். எனவே நீளம் குறைவு, அகலம் அதிகம். பக்கவாட்டு இடமெல்லாம் போயே போச்சு.

இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் கம்ப்ரஸரை வலது பக்கம், அடியில் வைத்திருப்பார்கள். புதிய வண்டிகளில் அதற்கு இடம் உண்டு. நம் பழைய டிரக்கில் அந்த இடத்தில் குறுக்கே இருப்பது என்ன தெரியுமா? சேஸிஸ் சட்டம்! வண்டியின் முழு எடையையும் தாங்கும் இரும்புச் சட்டம். கம்ப்ரஸர் அதில் போய் இடிக்கும்.

இப்போது உங்கள் கையில் முடிவு. ‘சட்டத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டால் கம்ப்ரஸர் உட்கார்ந்துவிடுமே’ என்று தோன்றும். அரை மணி நேர வேலை. பணமும் மிச்சம். வண்டிக்காரருக்கும் தெரியாது.

செய்வீர்களா?

யோசியுங்கள். கரும்பின் நடுவில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு வளைத்தால் எங்கே முறியும்? வெட்டிய இடத்தில்தான். சட்டமும் அப்படித்தான். பள்ளம் மேட்டில் குலுங்கிக் குலுங்கி, வெட்டின மூலையில் விரிசல் விடும். உள்ளே உட்காரப்போவதோ 80 வயதுப் பாட்டி. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இழந்த பலத்தைத் திரும்பத் தரும்படி கனத்த தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அது தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கம்ப்ரஸரை அடியிலிருந்து எடுத்து, இன்ஜினின் மேல்பக்கம் தூக்கி வைப்பது! அதற்கென்றே கனமான பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன. விலை கூடுதல், வேலையும் கூடுதல். ஆனால், சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. இதில் ஒரு கவனம் வேண்டும். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. அதை எவ்வளவு சாய்த்து வைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. இடம் கிடைத்தது என்று தலைகீழாக மாட்டிவிடக் கூடாது.

இரண்டாவது சிக்கல்: நூல் பிடித்த மாதிரி!

சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்று விழுகிறதா? முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். இங்கும் அதே கதைதான். இன்ஜின் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி, தண்ணீர் பம்ப் புல்லி, கம்ப்ரஸர் புல்லி எல்லாம் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சற்றே விலகி நின்றாலும் பெல்ட் கிறீச்சிடும், ஓரம் பிய்யும், கடைசியில் கழன்று விழும். அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது என்றால், நடுரோட்டில் இன்ஜின் கொதித்துப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த எல்.எஸ். குடும்ப இன்ஜின்களில் பெல்ட் ஓடும் தளம் கார்வெட்டுக்கு ஒன்று, கமாரோ காருக்கு ஒன்று, டிரக்குக்கு ஒன்று என மூன்று விதமாக இருக்கிறது. ஒன்றின் பிராக்கெட்டையும் இன்னொன்றின் புல்லியையும் வாங்கி வந்தால் பொருந்தாது. ‘ஒரே கம்பெனிதானே’ என்று நம்பி வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. அளந்து பார்த்து வாங்குபவரே கெட்டிக்காரர்!

மூன்றாவது சிக்கல்: மூக்கின் மேல் இரண்டு அடுப்பு

கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் என்றேன் அல்லவா? கேபினில் எடுத்த வெப்பத்தை அது வெளிக்காற்றில் கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பின்னால் ரேடியேட்டருக்குப் போகிறது. ரேடியேட்டரோ இன்ஜினைக் குளிர்விக்க வேண்டியது. குளிர்ந்த காற்று கேட்டவனுக்குச் சூடான காற்று!

90 குதிரைக்காகச் செய்த பழைய ரேடியேட்டர் 345 குதிரைக்குப் போதாது. அதன் முன்னே கண்டென்சரும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே பெரிய அலுமினிய ரேடியேட்டர், பலமான மின்விசிறி, காற்று பக்கவாட்டில் தப்பாமல் ரேடியேட்டர் வழியாகவே போக ஒரு தகட்டு உறை என மூன்றும் தேவை. வண்டி ஓடும்போது காற்று தானாக வரும். சிக்னலில் நிற்கும்போது விசிறி ஒன்றே துணை.

நான்காவது சிக்கல்: 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

1950-இல் வந்த இந்த டிரக்கின் மின்சாரம் 6 வோல்ட். டைனமோதான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். இன்றைய ஏ.சி. சாமான்களுக்கு 12 வோல்ட் வேண்டும். பல்பு, ஒயர், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றி, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைக்க வேண்டும்.

கம்ப்ரஸர் புல்லிக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? மின்காந்தம் தகட்டை இழுத்துப் பிடித்துக் கம்ப்ரஸரைச் சுழல வைக்கும் சத்தம் அது. உடனே இன்ஜினுக்குப் பாரம் கூடும். நின்ற நிலையில் மெதுவாக ஓடும் இன்ஜின் திணறி அணைந்து போகலாம். எனவே இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு ‘ஏ.சி. போடுகிறார்கள், கொஞ்சம் வேகம் கூட்டு’ என்று தகவல் போக ஒயர் இணைக்க வேண்டும். கேஸ் அழுத்தம் எல்லை மீறினாலோ மிகக் குறைந்தாலோ கம்ப்ரஸரை நிறுத்திவிடும் காவல்கார சுவிட்ச் ஒன்றும் வேண்டும்.

ஐந்தாவது சிக்கல்: ஈரம் என்னும் எதிரி

இப்போது ஹோஸ்களை மாட்டுகிறோம். இந்த இன்ஜினில் புகைபோக்கிக் குழாய்கள் இரண்டு பக்கமும் அகன்று நிற்கும். நெருப்பாய்ச் சுடும். ஹோஸ் அதன் அருகில் போகக் கூடாது. ஆடும் இன்ஜினோடு உராயவும் கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் புதிய ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி மாட்ட வேண்டும்.

உடனே கேஸ் நிரப்பலாமா? கூடாது! குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருக்கின்றன. ஒரு துளி ஈரம் இருந்தாலும் எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வழியில் பனிக்கட்டியாகி அடைத்துவிடும். குழாயைப் பிழிந்தா ஈரத்தை எடுக்க முடியும்?

இங்கேதான் அறிவியல் கைகொடுக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதே காரணம். அழுத்தத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால், அடுப்பே இல்லாமல் சாதாரண அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதிக்கும்! மெக்கானிக் ஒரு வெற்றிடப் பம்ப்பை மாட்டி, அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவார். உள்ளிருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே போய்விடும். பிறகு பம்ப்பை நிறுத்திவிட்டு அழுத்தமானியைப் பார்த்தபடி காத்திருப்பார். முள் நகராமல் நின்றால் ஓட்டை இல்லை. நகர்ந்தால், எங்கோ கசிகிறது. திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும். பொறுமை வேண்டும் குழந்தைகளே!

வானத்தில் விழுந்த ஓட்டை

‘ஓட்டையைத் தேடுவானேன்? கேஸ் குறைந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாமே’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முன்பெல்லாம் கார் ஏ.சி.க்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. எரியாது, விஷமும் இல்லை. ‘ரொம்ப நல்ல பிள்ளை’ என்று எல்லோரும் நினைத்தார்கள். 1974-இல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த வகைக் கேஸ்கள் வானத்தின் மேலடுக்குக்குப் போய் ஓசோனை அழிக்கும் என்று எச்சரித்தார்கள். ஓசோன், சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் குடை. 1985-இல் அன்டார்க்டிகாவுக்கு மேலே அந்தக் குடை மிகவும் மெலிந்து போயிருப்பது தெரிய வந்தது. உலக நாடுகள் விழித்துக்கொண்டன. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. உங்கள் பள்ளியில் செப்டம்பர் 16-இல் ஓசோன் தினம் கொண்டாடுகிறீர்களே, அது இதன் நினைவாகத்தான்!

பிறகு வந்த ஆர்-134ஏ ஓசோனை அழிப்பதில்லை. ஆனால், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமை உடையது. எனவே கேஸைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். இயந்திரத்தால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். ஒரு பாட்டிக்குக் குளிர் தருகிறோம் என்று பூமிக்குச் சூடு வைக்கலாமா?

உங்களுக்குத் தெரியுமா?

தொழிற்சாலையிலேயே ஏ.சி. வைத்து விற்ற முதல் கார், அமெரிக்காவின் பேக்கார்ட். 1940 மாடல். அதன் குளிர்விக்கும் பகுதி பின்சீட்டுக்குப் பின்னால் இருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த சுவிட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! 1954-இல் நாஷ் அம்பாசடர் என்ற காரில் எல்லாப் பாகங்களும் முன்பக்கமே வந்துவிட்டன. இன்றைய கார்களில் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

லாரிக் குளிருக்கு ஒரு நாயகர்

டிரக்கில் குளிர்ப்பெட்டி பொருத்தப் படாதபாடு பட்டவர் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893-இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. கார் பட்டறையில் வேலை செய்துகொண்டே புத்தகங்களைப் படித்துத் தானாகக் கற்றார். 1930-களின் இறுதியில், இறைச்சியும் காய்கனிகளும் கெடாமல் தொலைதூரம் போக, லாரியில் வைக்கும் குளிர்சாதனத்தை உருவாக்கினார். முதலில் லாரிக்கு அடியில் பொருத்தினார். சேறும் கல்லும் பட்டுப் பழுதானது. உடனே இடத்தை மாற்றி, முன்பக்கம் உயரத்தில் வைத்தார். வெற்றி! பாருங்கள், அவருக்கும் வந்த கேள்வி ‘எங்கே வைப்பது?’ என்பதுதான். 60-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற அவர் 1961-இல் மறைந்தார். 1991-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

வண்டி புறப்பட்டது!

நம் டிரக்குக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. கேபின் வெறும் இரும்புத் தகடு. கூரையும் தரையும் சுட்டால் எந்த ஏ.சி.யும் தோற்றுப்போகும். உள்ளே வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டுகிறோம். கதவு இடுக்குக்குப் புது ரப்பர் வைக்கிறோம். குளிர்ந்த காயிலில் படியும் ஈரம் வெளியேற ஒரு சின்னக் குழாய் விடுகிறோம். ஏ.சி. கார் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டியிருக்குமே, அது இந்தத் தண்ணீர்தான்.

சுவிட்சைத் தட்டுங்கள். ‘டக்!’ இன்ஜின் திணறவில்லை. பெல்ட் கிறீச்சிடவில்லை. சில நொடிகளில் குளிர்ந்த காற்று. வெளியே அதே உருண்ட முகம், அதே புடைத்த மட்கார்டு. பாட்டி ஏறி உட்கார்கிறார். சட்டத்தில் ஒரு வெட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அது போதும், இல்லையா?

நான் ஆசிரியராக இருந்தபோது என் வகுப்பில் ஒரு லாரி டிரைவரின் மகன் படித்தான். “எங்க அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல்ல ஒரு குடம் தண்ணியைத் தலையில ஊத்திக்குவாரு சார்” என்பான். இன்ஜின் சூட்டோடு நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுவது அவ்வளவு எளிதல்ல. களைப்பில் கண் அயர்ந்தால் விபத்துதான். நம் மத்திய அரசு 2023-இல் ஓர் ஆணை வெளியிட்டது. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகள் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும்போதே கேபினில் ஏ.சி.யுடன் வர வேண்டும் என்பது அந்த ஆணை. ஆனால், அதற்கு முன் தயாரான லாரிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் டிரைவர்களுக்கு வெயில் அதே வெயில்தான்.

உங்களில் யாராவது நாளைக்கு அந்தப் பழைய லாரிகளுக்கும் ஏற்ற, விலை குறைந்த, பூமியைச் சூடாக்காத ஒரு ஏ.சி.யைக் கண்டுபிடிக்கலாம். அப்போது எங்கே வைப்பது என்று அளந்து பாருங்கள். எதை வெட்டக் கூடாது என்றும் யோசியுங்கள்!

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்!

1. ஸ்பிரிட் தடவினால் கை குளிர்வது ஏன்?
2. கண்டென்சர் வந்ததும் ரேடியேட்டருக்கு என்ன தொல்லை?
3. வெற்றிடப் பம்ப் ஈரத்தை எப்படி வெளியேற்றுகிறது?
4. சட்டத்தை வெட்டாமல் கம்ப்ரஸரை எங்கே வைத்தோம்?

விடைகள் இதே கட்டுரைக்குள் ஒளிந்திருக்கின்றன. தேடிப் பிடித்துத் தம்பி, தங்கைக்கும் சொல்லிக்கொடுங்கள்!